பெயர் மாறிய கோட்டையும் பெயர் மாறாத ஊரும்

செஞ்சிக்குச் செல்வோர் பெரும்பாலும் ஒரே வழியில் சென்று ஒரே வழியில் திரும்புகின்றனர். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஊரைத் தாண்டியதும் குன்றுகளின் மேல் மதில்கள் ஏறி இறங்குவது தெரியும். அங்கே இறங்குவார்கள். கல்யாண மகாலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உடலில் தெம்பிருந்தால் இராஜகிரியின் உச்சி வரை ஏறுவார்கள். தேசிங்கு ராஜன் கதையை யாரேனும் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேட்பார்கள். பொழுது சாய்ந்ததும் பேருந்து ஏறிவிடுவார்கள். செஞ்சியைப் பார்த்தாயிற்று என்று அதற்குப் பெயர்.

அப்படிப் பார்த்துத் திரும்பியவர்களில் நாங்களும் அடக்கம். எங்கள் கல்லூரியின் தமிழ்த்துறையிலிருந்து பல ஆண்டுகள் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அதே மகால், அதே படிகள், அதே கதை. சென்ற முறை புறப்படுவதற்கு முன் மாணவி ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, எங்க ஊரு தொண்டூர். செஞ்சிக்குப் பக்கம்தான். எங்க ஊருப் பாறையில பழைய எழுத்து இருக்குன்னு சொல்றாங்க. அதை ஏன் யாரும் கூட்டிட்டுப் போய்க் காட்டறதில்ல?"

அக்கேள்விக்கு எங்களிடம் நேர்மையான விடை ஒன்றே இருந்தது. அந்த எழுத்தைப் பற்றி நாங்கள் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறோம். கல்லை நேரில் கண்டதில்லை. எனவே அம்முறை பயணத்தை இரண்டு நாளாக்கினோம். முதல் நாள் கோட்டை, மறுநாள் தொண்டூர். அந்த இரண்டு நாட்களும் எங்களுக்குக் கற்பித்தவற்றை வாசக நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டையில் காண்பன

செஞ்சிக் கோட்டை என்பது தனியொரு கோட்டையன்று. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் அவற்றுக்கு இடைப்பட்ட சமவெளியையும் மதிலால் வளைத்துக் கட்டிய பெரும் அரண் அது. மதில்களின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மூன்றினுள் உயரமானது இராஜகிரி; சுமார் 800 அடி. ஏறுவோர் காலையிலேயே ஏறிவிட வேண்டும். வெயில் ஏறினால் பாறை சுடும். மாலை நெருங்கினால் மேலே விடமாட்டார்கள். உச்சியை எட்டும் முன், இயற்கையாக அமைந்த ஆழ்ந்த பிளவு ஒன்று பாதையை வெட்டுகிறது. அதன்மேல் உள்ள சிறு பாலத்தை அகற்றிவிட்டால் விரல்விட்டு எண்ணத்தக்க வீரர்களே ஒரு படையைத் தடுத்து நிறுத்தலாம். ஏறிக் களைத்த மாணவர்களுக்கு அவ்விடத்தில் கோட்டை என்றால் என்னவென்று விளக்கவே தேவையில்லாமற் போயிற்று.

கீழே, காண்பவற்றுள் முதன்மையானது கல்யாண மகால். சதுரமான முற்றத்தின் நடுவே அடுக்கடுக்காகக் குறுகி உயர்ந்து கூம்பிய கூரையோடு முடிகிற கட்டடம். அதன் அழகைச் சொல்பவர்கள் பலர். அதற்கு நீர் வந்த வழியைச் சொல்பவர்கள் சிலரே. மதிலுக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய்கள் வழியே நீர் மகாலுக்குக் கொண்டுவரப்பட்டது. அருகே குதிரை லாயங்கள், நெற்களஞ்சியம், யானைக்குளம், உடற்பயிற்சிக் கூடம். களஞ்சியத்தின் சுவர்களது கனத்தைக் கண்டால், இங்கே அரசர்கள் பகைவருக்கு அஞ்சிய அளவு பசிக்கும் அஞ்சினார்கள் என்பது விளங்கும். ஆண்டுக்கணக்கில் நீண்ட முற்றுகைகளைக் கண்ட இடம் இது. நெல்லும் நீரும் இல்லாமல் எட்டு நூறு அடி உயரத்தால் மட்டும் பயனில்லை.

நாயக்கர் காலத்து வேங்கடரமணர் கோயில் கோட்டைக்குள் உள்ள கோயில்களில் பெரியது. கோபுர வாயிலில் இராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைந்த காட்சியும் செதுக்கப்பட்டுள்ளன. இக்கோயிலின் உயர்ந்த ஒற்றைக்கல் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுசென்றார்கள். இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து சென்றவையே என்பர். கடற்காற்று வாங்கச் செல்லும் நம்மில் எத்தனை பேர் அத்தூண்களை நிமிர்ந்து பார்த்திருக்கிறோம்?

கதையும் வரலாறும்

கோட்டையின் தொடக்கம் பற்றி வழங்கும் மரபு, கோன் குலத்து ஆனந்தக் கோன் என்பவர் 1190 அளவில் இதைக் கட்டினார் என்பது. சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943-இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூலிலும் இம்மரபு பேசப்படுகிறது. ஆனால் தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சிறு இடறல் உண்டு. ஒட்டக்கூத்தர் தம் விக்கிரமசோழன் உலாவில் செஞ்சிக்குரிய காடவனைக் குறிப்பிடுகிறார். விக்கிரம சோழனின் காலம் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எனவே ஆனந்தக் கோனுக்கு முன்பே செஞ்சி ஒரு தலைவனின் இருப்பிடமாகப் பெயர்பெற்றிருந்தது.

அதற்குப் பிந்திய வரலாறு கைமாறிய வரலாறு. விஜயநகரத்தார் காலத்தில் நாயக்கர்களின் தலைநகராயிற்று. 1597-இல் இங்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் நிக்கோலாஸ் பிமென்டா, லிஸ்பனை நீக்கிவிட்டால் போர்ச்சுகலில் இதற்கு நிகரான பெருநகர் இல்லை என்னும் பொருள்பட எழுதினார். அடுத்த நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தானியம் இதைக் கைப்பற்றியது. 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். அவருடைய மகன் இராஜாராம் முகலாயரிடமிருந்து தப்பி இங்கே வந்து தங்க, செஞ்சி சில ஆண்டுகள் மராட்டிய அரசின் தலைநகராகவே விளங்கியது. சுல்பிகார் கான் தலைமையில் 1690-இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698-இல்தான் வெற்றி பெற்றது. 1750-இல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை ஓரிரவில் இதைப் பிடித்தது. 1761-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1780-இல் ஹைதர் அலியின் படை புகுந்தது. அதன்பின் போர்கள் வேறிடம் நோக்கிச் சென்றன. கோட்டையில் புல் முளைத்தது.

இவ்வளவு நீண்ட நிரலில் மக்கள் நினைவில் நிற்பவன் பத்து மாத அளவே அதிகாரம் செலுத்திய ஓர் இளைஞன். முகலாயரின் சார்பில் செஞ்சியை ஆண்ட புந்தேலர் சரூப் சிங்கின் மகன் தேஜ் சிங். நம் நாவில் தேசிங்கு. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குப் பணிய மறுத்து 1714-இல் போரிட்டு மாண்டான். கதைப்பாடலில் அவனுடைய குதிரை பாராசாரி. நண்பன் மகமத்கானின் குதிரை நீலவேணி. மணவறையிலிருந்து எழுந்து நண்பனுக்காகப் போருக்கு வந்தவன் மகமத்கான். சிங்கவரத்துப் பள்ளிகொண்ட பெருமாள், 'இன்று போகாதே' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் கதை சொல்கிறது. வடக்கேயிருந்து வந்த ஓர் இராஜபுத்திரனையும் ஓர் இசுலாமிய நண்பனையும் தமிழ்க் கிராமங்கள் தம் பிள்ளைகளாக்கிக்கொண்டு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பாடிவந்திருப்பது சிறிய செய்தியன்று. நாங்கள் செய்த பிழை அக்கதையைச் சொன்னதில் இல்லை. அதைச் சொல்லிவிட்டு அத்துடன் நிறுத்திக்கொண்டதில் இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வென்றவர்கள் ஒவ்வொருவரும் ஊருக்குப் புதுப்பெயர் சூட்டினார்கள். பீஜப்பூரார் பாதுஷாபாத் என்றார்கள். முகலாயர் நஸ்ரத்கட் என்றார்கள். ஐரோப்பியர் தம் நாவுக்கு வந்தபடி ஜிஞ்ஜி என்றார்கள். அரண் ஒன்று, பெயர்கள் பல. இந்தப் பெயர்களை மனத்தில் வைத்துக்கொண்டால் மறுநாள் கண்டதன் பொருள் விளங்கும்.

சுற்றியுள்ள குன்றுகள்

கோட்டைக்கு வடக்கே மிக அருகில் சிங்கவரம். குன்றைக் குடைந்த பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். பாறையிலேயே செதுக்கிய பெரிய திருமேனி. இதற்கும் அருகே சிறுகடம்பூரை ஒட்டித் திருநாதர் குன்று. பெரும்பாறை ஒன்றின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்கள், மேல் வரிசையில் பன்னிருவர், கீழ் வரிசையில் பன்னிருவர், ஒரே அமைதியோடு அமர்ந்திருக்கின்றனர். அங்குள்ள பழைய கல்வெட்டொன்று, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாட்கள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த இடம் அது என்று அறிவிக்கிறது. எழுத்து வரலாற்றில் பயில்வோருக்கு அது மிக முக்கியமான கல். 'ஐ' என்னும் எழுத்தின் பழைய வடிவத்தை அதில் காணலாம். கோட்டையில் எட்டாண்டு முற்றுகை நடந்த போது பட்டினி ஓர் ஆயுதம். அதே மண்ணில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு பட்டினி ஒருவர் விரும்பி ஏற்ற அறம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். இடையே உள்ள தூரம் சில கிலோமீட்டரே.

சமணம் இவ்வட்டாரத்தில் இறந்துபோன சமயமும் அன்று. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் திருமடம் இன்றும் இயங்கிவருகிறது. சுற்றுப்புற ஊர்கள் பலவற்றில் சமணக் குடும்பங்கள் வேளாண்மை செய்து வாழ்கின்றன. தமிழ்ச் சமணம் என்றதும் நீலகேசியையும் சிந்தாமணியையும் நினைக்கிற நாம், அச்சமணத்தைச் சார்ந்தவர்கள் நெல்லும் மணிலாவும் விளைவித்துக்கொண்டு நம் பக்கத்து ஊரில் இருப்பதை ஏனோ நினைப்பதில்லை.

தொண்டூர்

மறுநாள் காலை தொண்டூர். மாணவியின் உறவினர் ஒருவர், பெரியவர், எங்களோடு வந்தார். வயல்களுக்கு அப்பால் பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும் குன்று. நுழைவுச்சீட்டு இல்லை, கடைகள் இல்லை, கூட்டமும் இல்லை. பாறை கவிந்து நிழல் தரும் இடத்தில் தரையைச் செதுக்கிச் சமமாக்கிய கற்படுக்கைகள். அருகே தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இதைப் பொது ஆண்டு 3ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கணித்தார்.

செய்தி ஒரே தொடர்தான்: இளங்காயிபன் ஏவ, அகழூரின் அறமாக, மோசி செய்த இருக்கை. இருக்கையைக் குறிக்கக் கல்லில் உள்ள சொல் 'அதிடானம்'. அவ்வளவே. அரசன் பெயர் இல்லை, ஆட்சியாண்டு இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை. ஏவியவர் ஒருவர், செய்தவர் ஒருவர், அறத்துக்குரிய ஊர் ஒன்று.

மோசி என்ற பெயரைக் கண்டதும் மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரும் மோசிகீரனாரும் அவர்களுக்குத் தெரிந்தவர்கள். மோசிகீரனார் அறியாமல் முரசு கட்டிலில் ஏறி உறங்கிவிட, தண்டிக்க வேண்டிய சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அவர் விழிக்கும் வரை விசிறி வீசி நின்றான் என்பது புறநானூறு வழி நாம் அறிந்த நிகழ்ச்சி. அந்த மோசியார் வேறு, இந்த மோசி வேறு, காலமும் வேறு. ஆயினும் ஒரு மோசி அரசனின் கட்டிலில் உறங்கிய புலவர், இன்னொரு மோசி துறவிகள் உறங்கக் கல்லில் படுக்கை செய்தவர் என்று ஒரு மாணவர் சொன்னதை நாங்கள் திருத்தவில்லை. சங்கப் பெயர்கள் ஏட்டில் மட்டும் வாழ்ந்தவையல்ல, ஊரில் நடமாடிய மனிதர்கள் சூடியிருந்தவை என்பதை வகுப்பறையில் எத்தனை மணி நேரம் சொல்லியும் ஏற்றியிருக்க முடியாது.

இதே ஊரில் வேறு தடயங்களும் உள்ளன. பாறைக்குகையில் பார்சுவநாதர். சோழர் காலத் தொடக்கத்தில் விண்ணகோவரையன் வயிரி மலையன் என்ற தலைவன், வச்சிரசிங்க இளம்பெருமானடிகள் என்ற சமண ஆசிரியருக்கு ஓர் ஊரும் தோட்டமும் கிணறுகளும் அளித்ததைச் சொல்லும் கல்வெட்டு. மோசிக்குப் பின் பல நூற்றாண்டுகள் கடந்தும் இக்குன்று துறவிகளின் இடமாகவே இருந்தது என்பதற்கு அது சான்று. அதே ஊரில் விண்ணாம்பாறை என்று வழங்கும் பாறையில் பள்ளிகொண்ட திருமாலின் பல்லவர் காலச் சிற்பம்.

அங்கே அமர்ந்து 'பள்ளி' என்னும் சொல்லைப் பற்றிப் பேசினோம். பள்ளி என்றால் படுக்கை. சமண முனிவர் தங்குமிடமும் பள்ளி. அரவணையில் திருமால் கொள்வதும் பள்ளி. பிள்ளைகள் படிக்குமிடமும் பள்ளிதான். அகராதியில் வரிசை எண்ணிட்டுப் படிக்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றை ஒரே ஊரின் பாறைகளில் கண்ணால் காணும் வாய்ப்பு எத்தனை இடங்களில் கிடைக்கும்?

அகழூர், அகலூர்

கல்வெட்டில் உள்ள அகழூர் எது என்று மாணவர்கள் கேட்டார்கள். நாங்கள் வாய் திறக்கும் முன் உடன் வந்த பெரியவர் கைநீட்டிக் காட்டினார்: "அகலூர்தானுங்க. அதோ அந்தப் பக்கம். எங்க வீட்டுல பொண்ணு குடுத்திருக்கோம்."

அறிஞர்களும் அவ்வூரையே குறிப்பர். கல்லில் 'ழ', இன்று நாவில் 'ல'. ஓர் எழுத்து மட்டும் தேய்ந்திருக்கிறது. ஆயிரத்தெழுநூறு ஆண்டுகள் கடந்தும் அவ்வூர் அதே இடத்தில், ஏறத்தாழ அதே பெயரில் இருக்கிறது. அங்கே சமணக் கோயிலும் சமணக் குடும்பங்களும் இன்றும் உண்டு. முதல் நாள் நாங்கள் கண்ட கோட்டையோ சில நூற்றாண்டுகளுக்குள் பாதுஷாபாத் ஆகி, நஸ்ரத்கட் ஆகி, ஜிஞ்ஜி ஆகி மீண்டும் செஞ்சியாயிற்று. பீரங்கியால் நிலைநிறுத்த முயன்ற பெயர்கள் நூல்களில் அடைக்கலம் புகுந்துவிட்டன. பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்த மக்கள் காத்த பெயர் பேருந்துப் பலகையில் இருக்கிறது.

இதைச் சொல்வது கோட்டையைக் குறைத்துப் பேசுவதற்கு அன்று. உண்மையில் தொண்டூரைப் பார்த்த பின் கோட்டையே எங்களுக்கு வேறாகத் தெரிந்தது. மாலையில் மீண்டும் அவ்வழியே வந்தபோது, அந்தச் சுடுமண் குழாய்களைப் பதித்தவர் யார், களஞ்சியத்தின் சுவரை எழுப்பியவர் யார், எண்ணூறு அடி உயரத்துக்குக் கல் சுமந்தவர் எந்த ஊரார் என்று மாணவர்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். முந்தைய நாள் அவர்கள் கேட்டதெல்லாம் யார் ஆண்டார்கள் என்பதுதான். மோசி தன் பெயரைப் பதிந்துவிட்டுப் போனதால், பெயர் பதியாத மற்றவர்களும் அவர்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினார்கள்.

இனி என்ன

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் இராணுவ நிலவமைப்புகள் என்னும் தொகுப்பை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதில் உள்ள 12 கோட்டைகளில் 11 மகாராட்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று செஞ்சி. மகிழ வேண்டிய செய்திதான். பாதுகாப்பு கூடும், பயணிகள் கூடுவர், ஊராருக்குப் பிழைப்பும் கூடலாம். ஆனால் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். மராட்டியர் செஞ்சியை வைத்திருந்தது 1677 முதல் 1698 வரை, 21 ஆண்டுகள். அவர்கள் மதில்களை வலுப்படுத்தியதும் முகலாயரை எதிர்த்து நின்றதும் பெருமைக்குரியவை. எனினும் எந்த அறிவிப்பும் ஒரு தலைப்பின்கீழ்தான் அமைய முடியும். தலைப்புக்கு வெளியே உள்ளவற்றைச் சொல்வது உள்ளூரில் இருப்பவர்களின் கடமை. புதிதாக வரப்போகும் பயணிகளிடம் நாம் தேசிங்கையும் சிவாஜியையும் மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால், தொண்டூர்ப் பிள்ளைகள் தம் ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்றே நம்பி வளர்வார்கள். கேட்பாரில்லாத பாறை எத்தனை நாள் பாறையாக நிற்கும் என்பதைக் கல்லுடைக்கும் ஊர்களைக் கண்ட எவரும் அறிவர்.

எனவே செஞ்சிக்குச் செல்லும் நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. இரண்டு நாட்களாகத் திட்டமிடுங்கள். முதல் நாள் விடியலில் இராஜகிரி. வெயிலில் கல்யாண மகால், வேங்கடரமணர் கோயில். மாலையில் சிங்கவரமும் திருநாதர் குன்றும். மறுநாள் தொண்டூர். போகும்போது உள்ளூரார் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். எழுத்து தெரியவில்லை என்று அதன்மேல் சுண்ணாம்போ மாவோ தடவாதீர்கள். சாய்ந்த ஒளியில் தானே தெரியும். படுக்கைகளின் மேல் செருப்புக் காலோடு ஏறாதீர்கள். கல்யாண மகாலின் சுவர்களில் கீறிவைத்திருப்பதைப் போல உங்கள் பெயரை அங்கே கீறாதீர்கள்.

திரும்பும் வழியில் அம்மாணவி எங்களிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். கல்வெட்டின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்திருந்தார். அடியில் இன்றைய எழுத்தில் வாசகம். ஓரிரு எழுத்துகளில் பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தோம். ஊர்ப் பள்ளியில் மாட்டிவைக்கப் போவதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது, பாறைக்குப் போகும் முன் அந்தப் பள்ளிக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறோம்.